பழுதுள்ள லிஃப்ட் பிக்கப் டிரக்கை அமெரிக்காவில் விற்பது எப்படி?

அமெரிக்காவில் 1977-லிருந்து பிக்கப் டிரக்குகளில் அதிகம் விற்பது ஃபோர்டின் எஃப் வரிசைதான். டெக்சாஸில் ஒரு சிக்னலில் நின்று பார்த்தால் போதும், ஃபோர்டு, செவி, ராம், டொயோட்டா என்று பிக்கப்பாகவே போகும். அவற்றில் பல, கம்பெனியிலிருந்து வந்த உயரத்தில் இருக்காது. லிஃப்ட் கிட் போட்டு நாலு அங்குலம், ஆறு அங்குலம் தூக்கி, 35 அங்குல டயர் மாட்டி ஓட்டுகிறார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் குடியேறிய நம்மவர்களிலும் சிலர் இப்படி ஒன்றைப் பழைய வண்டியாக ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பிறகு பழுது வருகிறது. சரிசெய்ய மனம் வராது, வீட்டு முன்னால் நிறுத்தி வைக்கவும் முடியாது. விற்கலாம் என்றால் எங்கே தொடங்குவது என்று புரியாது. அந்த நிலையில் முதல்முறையாக வண்டி விற்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். டெக்சாஸ் விதிகளை அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். மற்ற மாநிலங்கள் வேறுபடும் முக்கியமான இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழுது விலையைக் குறைக்கும். அதைவிட அதிகமாகக் குறைப்பது, என்ன பழுது என்று தெரியாமல் இருப்பது. "இன்ஜினில் ஏதோ சத்தம் வருகிறது" என்று சொன்னால், வாங்க வருபவர் இன்ஜினையே மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் விலை பேசுவார். "எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் ஒடிந்திருக்கிறது, இதோ ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்" என்றால் அந்தத் தொகையைச் சுற்றித்தான் பேரம் நடக்கும். அதனால் கையில் இருக்கும் பணத்தைப் பழுது பார்ப்பதில் இறக்காதீர்கள். பழுது என்னவென்று கண்டுபிடிப்பதில் செலவிடுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த லிஃப்ட்?

வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பழைய வண்டியாக வாங்கியவர்களுக்கு இதற்குப் பதில் தெரியாமல் இருப்பது சகஜம்.

லெவலிங் கிட் என்பது முன்பக்கத்தை மட்டும் இரண்டு அங்குலம் போலத் தூக்கி, பின்பக்கத்தோடு சமமாக்குவது. பாடி லிஃப்ட் என்பது ஃபிரேமுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பேசர் வைத்து பாடியை மட்டும் உயர்த்துவது. சஸ்பென்ஷனில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள். சஸ்பென்ஷன் லிஃப்ட்தான் முழு வேலை. ஷாக், ஸ்பிரிங், கன்ட்ரோல் ஆர்ம், சிலவற்றில் ஸ்டீரிங் நக்கிள் வரை மாற்றியிருப்பார்கள். மதிப்பும் இதற்குத்தான் அதிகம், தேய்மானமும் இதில்தான் அதிகம்.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஷாக் மீதோ கிராஸ்மெம்பர் மீதோ கம்பெனி பெயர் இருக்கும். ரஃப் கன்ட்ரி என்றால் விலை குறைந்த ரகம் என்று லிஃப்ட் வண்டி உலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிடிஎஸ், ஐகான், ஃபாக்ஸ், பில்ஸ்டீன் போன்ற பெயர்கள் இருந்தால் விளம்பரத்தில் முதல் வரியிலேயே சொல்லலாம். கிட் வாங்கிய ரசீது, மாட்டிய ஒர்க்‌ஷாப்பின் பில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். யார் மாட்டியது என்று தெரியாத லிஃப்டைக் கண்டுதான் மக்கள் தயங்குகிறார்கள்.

முன்பக்கம் தூக்கி, பின்பக்கம் தாழ்ந்து நிற்கும் 'கரோலினா ஸ்குவாட்' வண்டி என்றால் கூடுதல் கவனம் தேவை. வட கரோலினாவில் 2021 டிசம்பரிலிருந்து, முன் ஃபெண்டர் பின் ஃபெண்டரைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும்படி மாற்றிய வண்டி சாலையில் ஓடக் கூடாது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் பிறகு இதே வழியில் தடை போட்டன. அந்தப் பக்கம் விற்பதானால் முதலில் சமன்படுத்திவிட்டு விளம்பரம் போடுங்கள்.

பழுதைக் கண்டுபிடிப்பது

1996-க்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் ஸ்டீரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு ஸ்கேனரை இணைக்கும் ஓபிடி-2 பிளக் இருக்கும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் ஆட்டோசோன், ஓ'ரைலி போன்ற உதிரிபாகக் கடைகளில், வண்டி பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டை ('கோடு' என்பார்கள்) இலவசமாகவே படித்துச் சொல்வார்கள். பி0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை; பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று வண்டி சொல்கிறது. இந்தக் குறியீடு எங்கே தேட வேண்டும் என்பதற்கான திசை மட்டுமே. பி0420 வந்ததும் கன்வெர்ட்டரை மாற்றக் கிளம்பிவிடாதீர்கள்; எக்ஸாஸ்ட் கசிவாலோ, ஆக்ஸிஜன் சென்சாராலோகூட அது வரலாம்.

விற்பதற்கு முந்தைய நாள் அந்தக் குறியீட்டை அழித்து விளக்கை அணைத்து வைக்கும் யோசனையை யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அழித்ததும் வண்டியின் உள் சோதனைகள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். மலிவான ஸ்கேனர் வைத்திருப்பவருக்குக்கூட அது தெரியும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்ப மாட்டார்.

அடுத்து, நாலு சக்கரமும் இழுக்கும் 4x4 வண்டிகளில் வேலை செய்யும் ஒரு தனி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், வண்டியை ஏற்றித் தூக்கி முழுதாகச் சோதித்து எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். "சரிசெய்யப் போவதில்லை, விற்கப் போகிறேன், ஒவ்வொரு பழுதுக்கும் தனித்தனித் தொகை வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சோதனைக் கட்டணம் வாங்குவார்கள். கொடுக்கத் தயங்க வேண்டாம். இந்த விற்பனையில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு அதுதான்.

லிஃப்ட் வண்டியில் எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்? உயரம் கூடியதும் பாகங்கள் ஒன்றோடொன்று சேரும் கோணம் மாறுகிறது. பெரிய டயரின் எடை அந்த இணைப்புகளில் ஏறுகிறது. முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான சிவி ஆக்ஸில் சாய்வாக ஓடி, அதன் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறிக்கும். வீல் உட்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் படிந்திருந்தால் அதுதான். பால் ஜாயின்ட், டை ராட் முனை, வீல் பேரிங் எல்லாம் சீக்கிரம் தேயும். டிரைவ் ஷாஃப்டின் கோணம் சரியில்லை என்றால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வண்டி அதிரும். யூ ஜாயின்ட் போகும். டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது, அல்லது லிஃப்ட் போட்ட பிறகு அலைன்மென்ட் செய்யவே இல்லை.

ஃபோர்டு எஃப்-250, ராம் 2500 மாதிரி முன்பக்கம் ஒரே ஆக்ஸில் உள்ள ஹெவி டியூட்டி வண்டிகளில் இன்னொரு பயங்கரம் உண்டு. நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டீரிங் இரு பக்கமும் கடுமையாக ஆட ஆரம்பித்து, வேகத்தைக் குறைக்கும்வரை நிற்காது. 'டெத் வாபிள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் இவற்றில் எங்கோ ஆட்டம் இருப்பதுதான் காரணமாக இருக்கும். புது ஸ்டீரிங் ஸ்டெபிலைசர் ஒன்றை மாட்டினால் கொஞ்ச நாள் ஆட்டம் அடங்கும், காரணம் அப்படியே இருக்கும். அப்படி மறைத்து விற்ற வண்டியில் அடுத்தவருடைய குடும்பம் போகும். இந்தப் பழுது இருந்தால் சரிசெய்யுங்கள். அல்லது எழுதிக் கொடுத்து, ஓட்டிப் போக விடாமல், டிரெய்லரில் ஏற்றிப் போகச் சொல்லி விற்றுவிடுங்கள்.

டீசல் வண்டிக்காரர்கள் ஒன்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். முந்தைய உரிமையாளர் டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியைக் கழற்றி, கம்ப்யூட்டரை மாற்றி எழுதியிருக்கலாம். 'டிலீட்' என்பார்கள். இது கூட்டாட்சிச் சட்டமான சுத்தக் காற்றுச் சட்டத்துக்கு விரோதம். பெரிய டீலர்கள் பலர் அப்படிப்பட்ட வண்டியைத் தொட மாட்டார்கள். உங்கள் வண்டி அப்படியா என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

கடைசியாக, பலர் மறக்கும் வேலை: கூட்டாட்சிச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ-வின் தளத்தில் வண்டிக்கே உரிய அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு, ரீகால், அதாவது கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய வேலை, பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ராம், ரேஞ்சர் பிக்கப்புகளில் டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனி செய்த ஏர்பேக்கை மாற்ற வேண்டியவை இருந்தன. ரீகால் வேலையை டீலர் இலவசமாகச் செய்வார். காசில்லாமல் பட்டியலில் ஒரு குறை தீரும்.

மைல் கணக்கு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது.

ஓடோமீட்டர் சக்கரம் சுற்றும் எண்ணிக்கையைத்தான் கணக்கெடுக்கிறது. 32 அங்குல டயரோடு வந்த எஃப்-150-க்கு 35 அங்குல டயர் போட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி சுமார் 9 சதவீதம் கூடுதல் தூரம் போகும். கம்ப்யூட்டரில் டயர் அளவை மாற்றி எழுதாவிட்டால், நிஜத்தில் 70 மைல் வேகத்தில் போகும்போது மீட்டர் 64 காட்டும். ஓடோமீட்டர் 50,000 மைல் ஏறியிருந்தால் வண்டி ஓடியது 54,500-க்கு மேல்.

2011 மாடலிலிருந்து வரும் வண்டிகளுக்கு 20 வருடம்வரை, விற்பவர் ஓடோமீட்டர் அளவை வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது 2021-லிருந்து நடப்பில் உள்ள கூட்டாட்சி விதி. 2010-க்கும் அதற்கு முந்தைய மாடல்களுக்கும் இப்போது விலக்கு. மீட்டர் காட்டுவது உண்மையான மைல் இல்லை என்று தெரிந்தால் அதைக் குறிக்கவும் அந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது. பெரிய டயரை எப்போது மாட்டினார்கள், மீட்டரைத் திருத்தினார்களா என்பதை விளம்பரத்திலும், பில் ஆஃப் சேல் என்ற விற்பனைச் சீட்டிலும் எழுதுங்கள். எப்படிக் குறிப்பது என்று சந்தேகம் இருந்தால், டைட்டில் வேலைகளைப் பார்க்கும் கவுண்டி டாக்ஸ் ஆபீஸில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம்

லிஃப்ட் வண்டி வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள். வார இறுதியில் வீட்டு கராஜில் அவர்களே பால் ஜாயின்ட் மாற்றிவிடுவார்கள். அவர்களுக்கு அது பாகத்தின் விலை மட்டும். உங்களுக்கோ பாகத்தின் விலையோடு ஒர்க்‌ஷாப்பின் மணிக்கூலியும் சேரும். நீங்கள் கொடுத்த கூலியை அவர் திருப்பித் தர மாட்டார். அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பெயின்ட் போன்ற பெரிய வேலைகளை அப்படியே விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியவை வேறு. செத்த பேட்டரி, எரியாத பிரேக் லைட், காற்று இறங்கும் டயர், உடைந்த கதவுப் பிடி, ஆடிக்கொண்டிருக்கும் பேட்டரி டெர்மினல். இவை சின்னச் செலவு. ஆனால் வண்டியைப் பார்க்க வந்தவர் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். உள்ளே நன்றாகக் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜினை மட்டும் பளபளப்பாகக் கழுவாதீர்கள். எண்ணெய்க் கசிவை மறைக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

கம்பெனியிலிருந்து வந்த பழைய 'ஸ்டாக்' வீலும் டயரும் உங்களிடம் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. பெரிய வீல், டயர் செட்டைத் தனியாக விற்றுவிட்டு, ஸ்டாக் வீல் மாட்டி வண்டியை விற்கலாம். பல நேரம் மொத்தமாகக் கூடுதல் பணம் வரும். முதலில் கிட்டின் கையேட்டைப் பாருங்கள்; நக்கிள் மாற்றிய கிட் சிலவற்றில் குறைந்தபட்ச வீல் அளவு சொல்லியிருப்பார்கள், சின்ன வீல் உரசும். லிஃப்டையே கழற்றி விற்பது அநேகமாகக் கட்டுப்படியாகாது.

விலை வைப்பது

கெல்லி புளூ புக், எட்மண்ட்ஸ் என்ற வண்டி விலைத் தளங்கள் இரண்டிலும் வண்டியின் வருடம், மாடல், மைல், நிலை கொடுத்து தனிநபர் விற்பனை விலையைப் பாருங்கள். அப்புறம் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் உங்கள் ஊரைச் சுற்றி இதே மாதிரி லிஃப்ட் வண்டிகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கும் விலை விற்ற விலை ஆகாது. பல வாரமாக விற்காமல் கிடக்கும் விளம்பரம் எந்த விலையில் விற்காது என்பதைச் சொல்கிறது. அதுவும் பயனுள்ள தகவல்தான்.

லிஃப்டுக்கு நீங்களோ முந்தைய உரிமையாளரோ செலவழித்த தொகை விலையில் சேராது. வாங்குபவர் கிரெடிட் யூனியனில் லோன் கேட்டால், அவர்கள் புளூ புக் போன்றவை சொல்லும் புத்தக விலையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள், லிஃப்டைப் பார்த்து அல்ல. புத்தக விலைக்கு மேல் கேட்கும்போது, கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் மட்டுமே உங்கள் வாடிக்கையாளர்கள். பழுதுள்ள வண்டிக்கு லோன் கிடைப்பதே கஷ்டம் என்பதால் எப்படியும் அவர்களிடம்தான் போய் நிற்பீர்கள்.

கணக்கு இப்படிப் போகலாம். நல்ல நிலையில் 16,000 டாலர் போகும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிமேட் 3,500. கழித்தால் 12,500. வாங்குபவர் தன் நேரத்துக்கும் தெரியாத ஆபத்துக்கும் இன்னும் கொஞ்சம் குறைப்பார். 11,900 கேட்டு, 11,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதில் வைத்துக்கொண்டு உட்காரலாம். எஸ்டிமேட் இல்லாமல் போனால் அதே வண்டிக்கு 8,000 கேட்பார்கள், உங்களால் மறுத்துப் பேசவும் முடியாது.

பழைய வண்டிகளை வாங்கும் கார்மேக்ஸ் போன்ற இடத்தில் ஒரு விலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் விலை 7 நாள் செல்லும். நீங்கள் இறங்கக்கூடிய அடித்தளம் அது. வேறு வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் பழைய வண்டியை டீலரிடமே கொடுத்துப் புதிய வண்டியின் விலையில் கழித்துக்கொள்ளும் டிரேட்-இன் முறையையும் கணக்கிடுங்கள். டெக்சாஸில் புதிய வண்டியின் விலையிலிருந்து டிரேட்-இன் தொகையைக் கழித்த பிறகே 6.25 சதவீத வரி போடுவார்கள். 10,000 டாலர் டிரேட்-இன் என்றால் 625 டாலர் வரி மிச்சம். கலிஃபோர்னியாவில் இந்தச் சலுகை கிடையாது.

நேரமும் விலையை மாற்றும். கட்டிய வருமான வரியில் திரும்பி வரும் பணம் (டாக்ஸ் ரீஃபண்ட்) கையில் சேரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரொக்கத்தோடு வருபவர்கள் அதிகம். டெக்சாஸில் மான் வேட்டை சீசன் தொடங்கும் நவம்பருக்கு முன்னாலும் 4x4 வண்டியைத் தேடுவார்கள். விசா முடிந்து ஊர் திரும்பும் அவசரத்தில் நம்மவர்கள் கடைசி வாரத்தில் விற்கிறார்கள். அவசரம் தெரிந்ததும் விலை விழுகிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பே விளம்பரம் போட்டுவிடுங்கள்.

காகிதங்கள்

டைட்டில் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். லோன் பாக்கி இருந்தால், முழுதாகக் கட்ட வேண்டிய தொகையைச் சொல்லும் பே-ஆஃப் கடிதத்தைப் பேங்கில் வாங்குங்கள். பேங்குக்குக் கிளை இருந்தால் விற்பனையை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. டைட்டிலில் சால்வேஜ் (பெரிய சேதம் அடைந்த வண்டி) என்றோ ரீபில்ட் (அப்படிச் சேதமானதைச் சரிசெய்தது) என்றோ இருந்தால் விளம்பரத்திலேயே சொல்லுங்கள். 2017-இல் ஹார்வி புயல் வெள்ளத்தில் ஹூஸ்டன் பக்கம் ஏராளமான வண்டிகள் மூழ்கின. அதன் பிறகு இங்கே வாங்குபவர்கள் வெள்ளத்தில் சிக்கிய வண்டியா என்று கேட்காமல் விடுவதில்லை.

டெக்சாஸில் 2025 ஜனவரியிலிருந்து தனியார் வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனை இல்லை. ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், எல் பாஸோ சுற்றியுள்ள கவுண்டிகளில் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை தொடர்கிறது. செக் இன்ஜின் விளக்கு எரியும் வண்டி அதில் தேறாது, தேறாத வண்டியின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. வாங்குபவருக்கு இது பெரிய தலைவலி என்பதைப் புரிந்துகொண்டு பேசுங்கள். கலிஃபோர்னியாவில் பொதுவாக ஸ்மாக் என்ற புகைச் சோதனைச் சான்றிதழைக் கொடுக்க வேண்டியவரே விற்பவர்தான்.

வாங்குபவருக்கு உதவும் ஒரு தகவல். டெக்சாஸ் அரசு, விற்ற விலை அல்லது தான் வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு வரி போடும். அரசின் மதிப்பு 20,000, நீங்கள் விற்றது 11,000 என்றால் வரி 16,000-க்கு, அதாவது 1,000 டாலர். உரிமம் பெற்ற டீலரிடமோ இன்சூரன்ஸ் அட்ஜஸ்டரிடமோ சான்றிட்ட மதிப்பீடு வாங்கிக் கொடுத்தால் அந்த மதிப்பு எடுத்துக்கொள்ளப்படும். வரி கிட்டத்தட்ட 300 டாலர் குறையலாம். குறைந்த விலை எழுதச் சொல்லி வாங்குபவர் கேட்டால் மறுத்துவிட்டு, இந்த நேர்வழியைச் சொல்லிக் கொடுங்கள்.

விளம்பரம்

முதல் வரியில் வருடம், மாடல், இன்ஜின், 4x4, மைல், டைட்டில் நிலை. அடுத்து லிஃப்ட் கம்பெனி, எத்தனை அங்குலம், டயர் அளவு. டயரின் பக்கவாட்டில் டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். நீங்களே சொல்லிவிட்டால் அவர் குனிந்து பார்க்க வேண்டாம். ஸ்டெப்னி ஸ்டாக் அளவிலேயே இருந்தால் அதையும் எழுதுங்கள். அதன் பிறகு பழுதுகள், ஒவ்வொன்றுக்கும் எஸ்டிமேட் தொகையோடு. பழுதுகளை அடியில் ஒளித்து வைக்காதீர்கள், நடுவிலேயே வரட்டும்.

படங்கள் பகல் வெளிச்சத்தில். நாலு பக்கம், உள்ளே, இன்ஜின், மீட்டர், அடிப்பக்கம். துரு, கிழிந்த பூட், கசிவு இவற்றைக் கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். இன்ஜின் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்யும் ஒரு சின்ன வீடியோ பல கேள்விகளை முடித்துவிடும்.

ஆட்கள் வரும்போது

"இன்னும் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்பவர்கள் நிறைய. ஒரு வரிப் பதில் போதும். ஆறு இலக்கக் குறியீடு வரும், அதை அனுப்புங்கள், நீங்கள் உண்மையான ஆள்தானா என்று பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் அது மோசடி; உங்கள் எண்ணில் அவர் கூகுள் வாய்ஸ் கணக்கு திறக்கப் பார்க்கிறார். ஏதோ பெயர் தெரியாத தளத்தில் வின் ரிப்போர்ட் வாங்கச் சொல்பவரும் அப்படித்தான்.

பார்க்க வருபவரை வீட்டுக்கு அழைப்பதைவிட, பல போலீஸ் நிலையங்களில் இதற்கென ஒதுக்கியிருக்கும் கேமரா வைத்த இடத்தில் சந்திப்பது நல்லது. லைசென்ஸ் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்க விடுங்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கட்டும். அவருடைய மெக்கானிக்கிடம் காட்டக் கேட்டால் சந்தோஷமாகச் சம்மதியுங்கள். பேரத்தில் அவர் ஏற்கெனவே பட்டியலில் உள்ள பழுதைக் காட்டிக் குறைக்கக் கேட்டால், "அதைக் கழித்துத்தான் இந்த விலை" என்று அமைதியாகச் சொல்லலாம். பட்டியலில் இல்லாத புதுப் பழுதை அவர் நிஜமாகவே கண்டுபிடித்தால் குறைத்துக் கொடுங்கள்.

பணமும் கையெழுத்தும்

பேங்கே எழுதிக் கொடுக்கும் கேஷியர் செக் என்றாலும் கையில் வாங்கி நம்பிவிடாதீர்கள். போலிச் செக்கைப் போட்டாலும் கணக்கில் முதலில் பணம் தெரியும். சில நாள் கழித்துத் திரும்பும், அதற்குள் வண்டி போயிருக்கும். வாங்குபவரின் பேங்க் கிளைக்கே இருவரும் போய், கவுன்டரில் உங்கள் கண் முன்னால் செக் எழுத வையுங்கள். ரொக்கம் என்றாலும் பேங்கிலேயே எண்ணி வாங்குங்கள். 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் பேங்க் அரசுக்கு அறிக்கை அனுப்பும். அது வழக்கமான நடைமுறை, உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பயந்துபோய் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவதுதான் குற்றம்.

பில் ஆஃப் சேலில் 'ஆஸ் இஸ்', அதாவது உள்ளது உள்ளபடி விற்கிறேன் என்று எழுதி, பழுதுப் பட்டியலை இணைத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். தெரிந்த பழுதை மறைத்திருந்தால் 'ஆஸ் இஸ்' என்ற இரண்டு சொல் உங்களைக் காப்பாற்றாது. அந்தக் கையெழுத்திட்ட பட்டியல்தான் காப்பாற்றும்.

டைட்டிலின் பின்பக்கம் தேதி, மைல், வாங்குபவர் பெயர் எல்லாம் நிரப்பிக் கையெழுத்திடுங்கள். பெயர் இடத்தைக் காலியாக விடச் சொன்னால் விற்காதீர்கள். டைட்டிலை அவர் பெயருக்கு மாற்றும் விண்ணப்பமான 130-யு படிவத்திலும் உங்கள் கையெழுத்து வேண்டும். டெக்சாஸில் நோட்டரி தேவையில்லை. ஒஹாயோ, வட கரோலினா போன்ற மாநிலங்களில் தேவை. முடிந்தால் வாங்குபவரோடு கவுண்டி டாக்ஸ் ஆபீஸுக்கு நீங்களும் போய், பெயர் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள்.

முடியாவிட்டால் அன்றைக்கே டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வி-யின் தளத்தில் விற்பனை அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். விடிஆர்-346 என்ற படிவம் அது. 30 நாள் கெடு, கட்டணம் இல்லை. கலிஃபோர்னியாவில் கெடு 5 நாள்தான். இதைச் செய்யாதவரை அந்த வண்டி வாங்கும் டோல் பில்லும் அபராத டிக்கெட்டும் உங்கள் வீட்டு முகவரிக்கு வந்துகொண்டிருக்கும். கண்ணாடியில் ஒட்டிய டோல் டேக்கைக் கழற்றி, கணக்கிலிருந்தும் வண்டி எண்ணை நீக்குங்கள். நம்பர் பிளேட் விஷயம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: ஃபுளோரிடாவில் விற்பவரிடம் இருக்கும், கலிஃபோர்னியாவில் சாதாரண பிளேட் வண்டியோடு போகும். உங்கள் மாநிலத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் திரையிலிருந்து உங்கள் போன், தொடர்பு எண்கள், வீட்டு முகவரியை அழியுங்கள். கராஜ் கதவு பட்டனையும் அழிக்க வேண்டும். ஃபோர்டுபாஸ், ஆன்ஸ்டார் போன்ற ஆப் கணக்கிலிருந்து வண்டியை நீக்குங்கள். அறிவிப்பு பதிவான ரசீது கைக்கு வந்த பிறகு இன்சூரன்ஸை ரத்து செய்யலாம். பில் ஆஃப் சேல், எஸ்டிமேட், டைட்டிலின் இரு பக்கப் படம், வாங்கியவர் லைசென்ஸ் படம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுச் சில வருடங்களாவது வைத்திருங்கள்.